மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாத அக்கா

லோகேஸ்வரி ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் மேசையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். மேல்பக்கத்தை எல்லாரும்தான் துடைக்கிறார்கள், அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம்தான் கடையின் யோக்கியதையைச் சொல்லும் என்பது அவள் கட்சி. அப்புறம் கழிப்பறை. மெனுவைத் திறப்பது அதற்கும் பிறகுதான். இப்படிக் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலுமாக நானூறு கடைகளுக்கு மேல் ஏறி இறங்கி, ‘லோகா சாப்பிட்டாச்சு’ என்ற தன் பேஸ்புக் பக்கத்தில் எழுதியிருந்தாள். முப்பதாயிரம் பேர் அதைப் படித்தார்கள். ஒரு கடையைப் பாராட்டினால் இருநூறு லைக் வரும். கிழித்துத் தொங்கவிட்டால் நாலாயிரம் வரும். எழுத ஆரம்பித்த இரண்டாவது மாதத்திலேயே அவளுக்கு இது விளங்கிவிட்டது.

பகலில் அவள் வேறு ஆள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தாள். பல்வலியோடு வருகிறவர்கள் வலியை முதலில் இறக்கி வைப்பது அவள் தலையில்தான். “இன்னும் எவ்ளோ நேரம்லா?” “டாக்டரக் கூப்பிடு, நீ யாரு என்னைய உட்காரச் சொல்றதுக்கு?” எல்லாவற்றுக்கும் முகக்கவசத்துக்குள் இருந்து “சாரி அங்கிள், சாரி ஆன்டி” என்று வரும். மாலையில் கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் முகக்கவசத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டுப் போனை எடுப்பாள். அப்போது பார்க்க வேண்டும் அவள் முகத்தை.

பிறந்து வளர்ந்தது செந்தூலில். அப்பா சின்னையா ரயில்வே பணிமனையில் வெல்டர். லோகேஸ்வரிக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா படுத்த படுக்கையாகி, அடுப்பு இவள் கைக்கு வந்தது. அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, முதல் கவளத்தை அவர் மென்று விழுங்கும்வரை பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே எதிரில் நிற்க வேண்டும். பிடித்திருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிடிக்காவிட்டாலும் பேசமாட்டார், தட்டு மட்டும் சுவருக்குப் பறக்கும். சுவரைக் கழுவிவிட்டு அவள் மறுபடி உலை வைக்க வேண்டும்.

கட்டிக்கொண்ட வாசு நேர் எதிர். மூன்று டன் லோரி வைத்து வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற ஆள். எதைத் தட்டில் வைத்தாலும் “நல்லா இருக்கு” என்பான். உப்புப் போட மறந்த ரசத்துக்கும் அதே “நல்லா இருக்கு”தான். அதனால் அந்தச் சொல்லுக்கு அவளிடம் மரியாதை இல்லாமல் போயிற்று.

மேரு பக்கம் ஒரு கடைவீட்டு வரிசையில் ‘ருமா கொரியன் கிச்சன்’ திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நடத்தியவன் யாசின் என்கிற தமிழ் முஸ்லிம். அம்பாங்கில் ஒரு கொரியர் வைத்திருந்த உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, குழம்பு கிளறி, ஒன்பது வருடத்தில் தலைமைச் சமையல்காரனானவன். நம் ஆட்கள் சந்தேகமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஹலாலாக ஒரு கொரியக் கடை போட வேண்டும் என்பது அவனுக்குப் பல நாள் ஆசை. மனைவி ருமானா பரிமாறினாள். கடையின் பெயரில் இருந்தது அவள் பெயரின் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோகேஸ்வரியும் வாசுவும் அங்கே போனார்கள். மேசையடி சுத்தமாக இருந்தது. கழிப்பறையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. லோகேஸ்வரிக்கு உள்ளூர ஏமாற்றம். உட்கார்ந்ததுமே ஆறு சின்னத் தட்டுகள் வந்தன. காரமிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, முளைப்பயறு, வெள்ளரிக்காய், கீரை, இனிப்பு உருளைக்கிழங்கு, பொடிக் கருவாடு. பின்னாலேயே கல்சட்டியில் கொதித்தபடி சூப் வந்தது. ஒரு சின்ன முழுக் கோழி, அதன் வயிற்றுக்குள் அரிசியும் பூண்டும் ஜின்செங் வேரும்.

ருமானா சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “அக்கா, இந்த சூப்புல நாங்க உப்புப் போட மாட்டோம். கொரியாக்காரங்க வழக்கம் அது. இந்தாங்க, இந்தக் குட்டித் தட்டுல உப்பும் மிளகும் இருக்கு. உங்களுக்கு எவ்ளோ வேணுமோ போட்டுக்குங்க.”

வாசு தலையாட்டினான். லோகேஸ்வரி சூப் கொதிப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

கிம்ச்சி தீர்ந்ததும் அவள் ருமானாவைக் கூப்பிட்டாள். ருமானா முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

திரும்பவில்லை.

“ஹலோ, அக்கா!”

அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை லோகேஸ்வரி கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது, ருமானாவைத் தவிர. வாசு எழுந்து போய் அவள் எதிரில் நின்று கிம்ச்சித் தட்டைக் காட்டினான். அவள் பதறிப்போய் இரண்டு தட்டு நிறையக் கொண்டு வந்து வைத்தாள்.

“சாரிக்கா, சாரிக்கா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

நாள் முழுக்கத் தான் சொல்கிற சொல்லை இன்னொருத்தி தனக்குச் சொல்கிறாள். லோகேஸ்வரி தட்டை விரலால் நகர்த்தினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரிலேயே எழுதி முடித்துவிட்டாள். ‘கொரியன் கடைனு போனேன் மக்களே, உள்ள பாத்தா நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க நடத்தற மாமாக் கடை. சூப்புல உப்பு இல்ல, சுடுதண்ணில கோழி குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு. கிம்ச்சி கெட்டுப்போன வாடை. சர்வீஸ்? மூணு தடவ கூப்பிட்டேன், அந்த அக்கா திரும்பல. அவங்களக் கூப்பிடணும்னா கொரியாவுக்குத்தான் கால் பண்ணணும் போல. ஹலோ கொரியா, கேக்குதா?’ கூடவே ருமானாவின் முதுகுப் படம்.

“நல்லாத்தானே இருந்துச்சு? நான் எலும்பக்கூட விடல,” என்றான் வாசு.

“உங்களுக்கு எதுதான் நல்லா இல்ல?”

“உப்புப் போட்டுக்கச் சொன்னாங்களே லோகா. நீ கவனிக்கல.”

“எழுதியாச்சு,” என்று போனைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை கிளினிக்கில் போனைத் திறந்தபோது ஏழாயிரம் லைக். அவள் இதுவரை பார்க்காத கணக்கு. அதிலும் அந்த ‘ஹலோ கொரியா’ தனியாகக் கழன்று ஊர் சுற்றக் கிளம்பியிருந்தது. அந்த வாரக் கடைசியில் சில இளவட்டங்கள் கடைக்கே போய், மேசை துடைக்கும் ருமானாவின் பின்னால் நின்று “ஹலோ கொரியா!” என்று கத்திப் படம் பிடித்துப் போட்டார்கள். அவள் திரும்பாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதுதான் வேடிக்கை. ஒருவன் போட்டதைப் பார்த்து இன்னொருவன் போனான். லோகேஸ்வரி அவற்றில் மூன்றைத் தன் பக்கத்தில் பகிர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்களைப் பக்கத்தில் ஒட்டினாள்.

பத்தாவது நாள் யாசின் அந்தப் பதிவின் கீழே எழுதியிருந்தான். ‘அக்கா, நான் கடை ஓனர். என் மனைவிக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து இடது காது போயிடுச்சு. வலது காதுலயும் பாதிதான் கேக்கும். முன்னாடி நின்னு பேசினா வாயசைவு பாத்துப் புரிஞ்சுக்குவா. சாப்பாட்டப் பத்தி எழுதினது இருக்கட்டும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க.’

லோகேஸ்வரி இரண்டு முறை படித்தாள். விரல் திருத்தும் பொத்தான்வரை போனது. வரியை எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் பதிவில் இருந்ததே அந்த வரிதான். அதை எடுத்துவிட்டால் மீதி, உப்பைப் போட்டுக்கொள்ளத் தெரியாதவள் எழுதிய நாலு வாக்கியம். எதிரே ஒரு கிழவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு “ஏய், எத்தன தடவ கேக்குறது?” என்று மேசையைத் தட்டினார். “சாரி அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே யாசினின் கருத்தை அழித்தாள். அவன் மறுபடி எழுத முடியாதபடி அவனைத் தடுத்தும் வைத்தாள்.

அவள் பக்கத்தின் பழைய படம் ஒன்றில் கிளினிக்கின் பெயர்ப்பலகையைப் பார்த்து, அடுத்த வாரம் அவன் அங்கேயே வந்து நின்றான். நாற்பது வயது, தொப்பியும் கசங்காத வெள்ளைச் சட்டையுமாக ஏதோ அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்தவன் போலிருந்தான். கையில் ஒரு டப்பா.

“அக்கா, லோகா சாப்பிட்டாச்சு நீங்கதானே? பல்லு பாக்க வரல. ரெண்டு நிமிஷம் போதும்.”

“இங்கயெல்லாம் வரக்கூடாதுண்ணே. நான் வேலைல இருக்கேன்.”

“தெரியும்க்கா. போன்ல எழுதுனா போக மாட்டேங்குது. என் வீட்டுக்காரி இப்ப கடை முன்பக்கம் வரவே பயப்படறா. ஒவ்வொரு மேசைய துடைக்கும்போதும் பின்னாடி யாராச்சும் நிக்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறா. வேற ஆள் வச்சுக்க எங்களுக்கு இப்ப முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பசங்க நிறுத்திடுவாங்கக்கா.”

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். கிளினிக்கில் ஒரு ஆள் தன்னிடம் கெஞ்சுவதை லோகேஸ்வரி அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். டாக்டர்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“சரி, நான் திரும்ப ஒரு தடவ வந்து சாப்பிட்டுப் பாக்கறேன். அப்புறம் யோசிக்கறேன்,” என்றாள். அவன் கும்பிடாத குறையாக டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே கிம்ச்சி. வாசனை கிளினிக் முழுக்கப் பரவியதில் டாக்டர் முகம் சுளித்ததால் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சொன்னபடியே ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குப் போனாள். கடையில் வேறு ஆளில்லை. யாசின் காலையிலிருந்தே அடுப்படியில் நின்றிருக்கிறான் என்பது அவன் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. அதே சூப். இந்த முறை அவள் குட்டித் தட்டிலிருந்து இரண்டு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டு, கரண்டியால் கோழியின் வயிற்றைப் பிளந்து, சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள்.

வாய்க்குள் போனதும் அது கரைந்தது. பூண்டு வெண்ணெயாகியிருந்தது. வேரின் லேசான கசப்பு கடைசியில் வந்து நாக்கில் நின்றது. நானூறு கடைகளில் இப்படி ஒன்றை அவள் சாப்பிட்டதில்லை.

நிமிர்ந்தபோது எதிரில் ருமானா நின்றுகொண்டிருந்தாள். முன்துணியில் கையைத் துடைத்தபடி, லோகேஸ்வரியின் உதட்டையே பார்த்துக்கொண்டு. காய்ந்த கையை ஏன் இத்தனை தடவை துடைக்கிறாள் என்று லோகேஸ்வரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நிற்பின் ஒவ்வொரு நொடியும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் அவசரப்படவில்லை. இன்னொரு கரண்டி எடுத்து மெதுவாக மென்றாள். தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்தாள். நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் இவ்வளவு இதமாக அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

“பரவால்ல,” என்றாள்.

ருமானாவுக்குப் புரிந்தது. சிரிக்க முயன்றாள். யாசின் அடுப்படி வாசலில் இருந்து கேட்டான். “அப்ப அந்த வரி, அக்கா?”

“பாக்கறேண்ணே. இன்னும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும். எனக்கும் என் ரீடர்ஸுக்குப் பதில் சொல்லணும்ல?”

சட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எழுந்து போனாள். வரியை எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று இரண்டு மூன்று நாள் நினைத்தாள். பிறகு வேறு கடைகள் வந்தன.

இருபது நாள் கழித்து அது நடந்தது. மூன்று கல்லூரி மாணவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். ருமானா கொதிக்கும் சட்டியைத் தட்டில் ஏந்தி இரண்டு மேசைகளுக்கு நடுவே வந்தபோது, இன்னொருவன் பின்னாலிருந்து அவள் வலது காதை ஒட்டிக் கைகளைப் படாரென்று தட்டி “ஹலோ கொரியா!” என்றான். பாதி கேட்கும் காது அது. அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்ப, சட்டி சரிந்து இடது முன்கையிலும் தொடையிலும் கொட்டியது. அவள் போட்ட சத்தம் அந்தப் படத்தில் அப்படியே பதிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சிரிப்பும்.

முன்கைத் தோல் மணிக்கட்டோடு உரிந்துபோய், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊர் இப்போது கொதித்தது. மாணவர்களின் முகங்களைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். கல்லூரி அவர்களை வெளியே அனுப்பியது.

அந்தப் படம் பரவிய மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ்வரி கிளினிக்கின் பின்கட்டில் நின்றுகொண்டு தன் பழைய பதிவை அழித்தாள். பகிர்ந்த மூன்று படங்களையும் அழித்தாள். ஒரு மணி நேரம் கழித்து, கூப்பிய கைகளின் படத்தோடு எழுதினாள். ‘எங்கே போச்சு மனிதநேயம்? காது கேக்காத ஒரு சகோதரிய இப்படியா பண்றது? நான் சாப்பிட்ட கடை, எனக்குத் தெரிஞ்ச அக்கா. மனசு தாங்கல மக்களே.’ பதினோராயிரம் லைக். ‘உங்களப் போல நல்ல உள்ளங்கள் வேணும்’ என்று நிறையப் பேர் எழுதினார்கள். ‘இத ஆரம்பிச்சதே நீங்கதானேக்கா?’ என்று ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். அவரையும் தடுத்து வைத்தாள்.

யாசினால் ஆஸ்பத்திரிக்கும் அடுப்புக்கும் ஒற்றை ஆளாக ஓட முடியவில்லை. கடை மூடியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசு வேலை முடிந்து வந்து, கூடத்து நாற்காலியில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

“எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“மேரு. அந்தக் கொரியன் கடைச் சாமான ஏத்திக்கிட்டு அம்பாங் போனேன். யாசின் பழைய முதலாளிகிட்டயே வேலைக்குப் போறாரு. ரெண்டு ட்ரிப்பு.”

“உங்களுக்கு எதுக்கு அந்த வேலை? யார் கூப்பிட்டாங்க?”

“யாரும் கூப்பிடல. நானே போனேன். இதுக்கு முன்னாடியும் நாலஞ்சு தடவ தனியா அங்க போய்ச் சாப்பிட்டிருக்கேன். உங்கிட்ட சொல்லல.”

லோகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் தொடர்ந்தான்.

“அந்தம்மா பெட்டி மேல உக்காந்திருந்துச்சு, கையில துணி சுத்திக்கிட்டு. நான் கிளம்பறப்ப என்னைய முன்னாடி வந்து நிக்கச் சொல்லி கேட்டுச்சு. ‘அண்ணே, அக்காவுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?’ கோவமா கேக்கல லோகா. தெரிஞ்சுக்கணும்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. நீ சொல்லு, நான் திங்கக்கிழமை அந்தப் பக்கம்தான் போறேன், சொல்லிட்டு வரேன்.”

“நான் பொய் எழுதலயே,” என்றாள் லோகேஸ்வரி. “மூணு தடவ கூப்பிட்டேன். திரும்பல. நடந்ததத்தான் எழுதினேன்.”

“அதான் பதிலா?”

“அந்தப் பசங்க செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா சுடுதண்ணிய ஊத்தினேன்?”

வாசு அவளை வெகுநேரம் பார்த்தான். திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளை எடைபோட்டுப் பார்த்தது அன்றுதான். “காது கேக்காதுன்னு யாசின் எழுதினத நானும் படிச்சேன். கொஞ்ச நேரத்துல அது இல்ல. யார் அழிச்சாங்கன்னு கேக்கல. எனக்குத் தெரியும்,” என்றான். அவள் அழுதாள். அவன் எழுந்து முகம் கழுவப் போனான்.

அதன்பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. வாசு வெளிமாநில ஓட்டங்களை ஒத்துக்கொள்ள ஆரம்பித்தான். ஜொகூர், ஈப்போ, சில சமயம் குவாந்தான். வீட்டில் இருக்கும் நாட்களிலும் சாப்பாட்டை லோரிக்காரர்களோடு வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்தான். “சாப்பிட்டீங்களா?” என்றால் “ஆச்சு” என்பான்.

ருமானாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அம்பாங் உணவகத்தின் பின்கட்டில், ஆட்கள் வராத இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பூண்டு உரிக்கிறாள். யாரும் பின்னால் வர முடியாத இடமாகப் பார்த்து அவளே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள் என்று வாசுவிடம் யாசின் சொன்னான்.

லோகேஸ்வரியின் பக்கத்துக்கு நாற்பத்தெட்டாயிரம் பேர் ஆகிவிட்டார்கள். பூச்சோங்கில் ஒரு தாய்லாந்துக் கடைக்காரர் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார். கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிராப் வாடகைக் கார் பிடித்துப் போனாள். வாசலிலேயே முதலாளி ஓடி வந்து வரவேற்று, நடு மேசையில் உட்காரவைத்தார். அவள் கைப்பையை வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டாள்.